காமிக்ஸ் புத்தகமா, பங்கா: விற்ற பிறகு கைக்கு வருவது எவ்வளவு?

#1 | தாள்வாசனை

கேள்வியை நேராகவே வைக்கிறேன். ஒருவரிடம் 10,000 டாலர் இருக்கிறது, பத்து வருடத்துக்கு அதைத் தொட வேண்டிய தேவை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதை எஸ்&பி 500 இண்டெக்ஸ் ஃபண்டில் (அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் நிதி) போடுவதா, இல்லை சிஜிசி (காமிக்ஸின் நிலையைப் பார்த்து 10-க்கு இத்தனை என்று தர எண் கொடுக்கும் நிறுவனம்) கிரேடு செய்து ஸ்லாபில், அதாவது மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், அடைத்த அமெரிக்க காமிக்ஸ் சிலவற்றை வாங்கி வைப்பதா?

2021 செப்டம்பரில் ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘அமேசிங் ஃபேன்டசி’ 15-ஆம் இதழ், 9.6 தரப் பிரதி, 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1962-இல் கடையில் அதன் விலை 12 சென்ட். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் “பங்கெல்லாம் எதற்கு” என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. இன்னொரு கூட்டம் காமிக்ஸை முதலீடு என்று சொல்வதே தப்பு என்கிறது. யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும். அடைமொழி வேண்டாம், எண்கள் போதும்.

#2 | வட்டிக்கணக்கு

12 சென்ட்டில் தொடங்கும் கணக்கை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். 1962-இல் எந்தப் புத்தகம் இப்படி ஆகும் என்று தெரிந்து, கை படாமல் 59 வருடம் வைத்திருந்தவரை வைத்து நம் லாபத்தை அளக்க முடியாது. நாம் வாங்குவது ஏற்கெனவே பெயர் பெற்ற புத்தகத்தை, பெயர் பெற்ற பிறகு உள்ள விலையில்.

அதே புத்தகம், அதே 9.6 தரம், 2011 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்குக் கைமாறியது. பத்தரை வருடத்தில் 11 லட்சம் 36 லட்சமானால் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம். ஆனால் ஏலச் செய்தியில் வரும் தொகையில் வாங்குபவர் தரும் 20 சதவீதக் கமிஷனும் அடக்கம். சுத்தியல் விழுந்த விலை 30 லட்சம்தான். விற்பவர் கைக்கு அதற்கு மேல் வராது. 11-லிருந்து 30 என்றால் ஆண்டுக்கு 10 சதவீதம்.

எஸ்&பி 500 குறியீடு 2011 மார்ச்சில் 1,300-ஐ ஒட்டி இருந்தது, 2021 செப்டம்பரில் 4,400-ஐ ஒட்டி. டிவிடெண்டைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 12 சதவீதம், சேர்த்தால் 14-ஐத் தொடும். உலகத்திலேயே பேர்போன காமிக்ஸ்களில் ஒன்று, அதுவும் உச்சத் தரத்தில், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது.

அது கோடீஸ்வரர் கணக்கு. நம் அளவுக்கு ஒன்று போடுகிறேன். 1,000 டாலருக்குக் கிரேடு ஆகாத ரா பிரதி ஒன்று. விற்பனை வரி 70, பிரஸ்ஸிங் (மடிப்பு, வளைவு போக அழுத்தித் தருவது), கிரேடிங், போக வரத் தபால் எல்லாம் சேர்த்து 90. ஆக உள்ளே போனது 1,160. பத்து வருடத்தில் அது 2,000 ஆகிறது. கேட்டால் எல்லோரும் “இரட்டிப்பு” என்பார்கள், ஆண்டுக்கு 7.2 சதவீதம். இபேயில் 13.25 சதவீதக் கட்டணம் 265, காப்பீட்டோடு தபால் 35. மிஞ்சுவது 1,700. லாபம் 540. அமெரிக்க வரியில் சேகரிப்புப் பொருளுக்கான உச்சபட்சம் 28 சதவீதம் என்று வைத்தால் 151 போகும். கைக்கு வருவது 1,549. அதாவது 1,160 போட்டு 1,549 எடுத்திருக்கிறோம், ஆண்டுக்கு 2.9 சதவீதம்.

அதே 1,160 அதே 7.2 சதவீதத்தில் ஃபண்டில் வளர்ந்தால் 2,320. லாபத்தில் 15 சதவீத வரி 174 போனால் 2,146 கையில், ஆண்டுக்கு 6.3 சதவீதம். இந்த 2,146-ஐ காமிக்ஸ் எட்ட வேண்டுமானால் அது 2,956-க்கு விற்க வேண்டும். ஃபண்டு 7.2-இல் ஓடும்போது புத்தகத்தின் விலை 11.4 சதவீதத்தில் ஓடினால்தான் இரண்டும் சமம்.

இன்னொன்றையும் பாருங்கள்: மேலே சொன்ன 1,000 டாலர் புத்தகம் 1,378-க்கு விற்றால்தான் அசலே திரும்பும். வாங்கிய நிமிடத்தில் 38 சதவீதப் பள்ளத்தில் நிற்கிறோம்.

#3 | முதல்தோற்றம்

கணக்கில் பிழை இல்லை நண்பரே, ஆனால் எடுத்துக்கொண்ட காலம் பங்குச் சந்தைக்குப் பொற்காலம். 2011-லிருந்து 2021 வரை எதை எதிரில் நிறுத்தினாலும் எஸ்&பி ஜெயிக்கும். சாளரத்தை மாற்றிப் பாருங்கள்.

1938-இல் வந்த, சூப்பர்மேன் முதலில் தோன்றிய புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ் 1997-இல் அந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழை 1.5 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2000-இல் அது திருடு போனது. 2011-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வாடகைச் சேமிப்பறையில் கிடைத்தது, அதே நவம்பரில் 21.6 லட்சத்துக்கு ஏலம் போனது. 14 வருடத்தில் 14 மடங்குக்கு மேல், ஆண்டுக்கு 21 சதவீதம். கமிஷனைக் கழித்தாலும் எந்தக் குறியீடும் அதன் பக்கத்தில் வராது. அதே காலத்தில் எஸ்&பி இரண்டு பெரும் சரிவுகளைப் பார்த்தது. 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் டிவிடெண்ட் சேர்த்தும் நஷ்டம். 2008-இல் மட்டும் 37 சதவீதம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1938-இன் புத்தகம் அரிதானது விளம்பரத்தால் அல்ல. பத்து சென்ட் கொடுத்து வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள், இரண்டாம் உலகப் போரில் காகிதம் திரட்டும் இயக்கங்களுக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். யாரும் சேர்த்து வைக்க நினைக்காத காலத்தில் தப்பியவைதான் இன்று இருப்பவை. அந்த எண்ணிக்கை இனி கூடாது. பங்கு அப்படி இல்லை. கம்பெனி நினைத்தால் புதுப் பங்கு வெளியிட்டு உங்கள் பங்கைத் தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாம்.

#4 | குறியீட்டு_நிதி

திருடு போய்த் திரும்பிய புத்தகத்தை முதலீட்டுக்கு முன்மாதிரியாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. திரும்பாத புத்தகங்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

ஒரே கம்பெனியின் பங்கையும் புத்தகத்தையும் ஒரே கோடையில் வாங்கினால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பது இன்னும் நேர்மையான ஒப்பீடு. 1991 ஜூலையில் மார்வெல் பங்கு நியூயார்க் சந்தையில் 16.50 டாலருக்கு வெளியானது. அடுத்த மாதம் ‘எக்ஸ்-மென்’ புது முதல் இதழ் வந்தது. ஐந்து அட்டை: நான்கு 1.50 டாலர், மடித்து விரியும் ஐந்தாவது 3.95. முழுத் தொகுப்பு 9.95 டாலர். அச்சானது 80 லட்சத்துக்கு மேல். கின்னஸ் சாதனை.

வாங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் படிக்க வாங்கவில்லை, பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பத்துப் பத்தாக வாங்கி உறையில் போட்டார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்தால் எதுவும் அரிதாகாது. அந்தப் புத்தகம் முப்பது வருடம் கழித்தும் சில டாலருக்குக் கிடைக்கிறது. விலைவாசியைக் கழித்தால் அசல்கூட இல்லை. 1992 நவம்பரில் கறுப்பு உறையில் வந்த ‘சூப்பர்மேன்’ 75-உம் இதே கதைதான்.

பங்கு? அதுவும் அழிந்தது. ஊகக்காரர்கள் ஓடியதும் கடைகள் மூடின, மார்வெல் 1996 டிசம்பரில் திவால் மனு போட்டது. பழைய பங்குதாரர் கையில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சவில்லை. 1998-இல் டாய் பிஸ் என்ற பொம்மைக் கம்பெனியோடு இணைந்து எழுந்த புதுக் கம்பெனியை 2009-இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. திவாலில் இருந்து எழுந்தபோது உள்ளே போனவர் ஜெயித்தார், 1991-இல் போனவர் தோற்றார்.

ஆகவே ஒற்றைப் பங்குக்கும் ஒற்றைப் புத்தகத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. பேராசிரியர் பெசம்பைண்டர் 1926 முதல் 2016 வரையிலான அமெரிக்கப் பங்குகளை அலசி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பான்மைப் பங்குகள் தம் ஆயுளில் அரசாங்கத்தின் குறுகியகாலப் பத்திரத்தைக்கூட மிஞ்சவில்லை என்று காட்டினார். மொத்தச் செல்வமும் சுமார் 4 சதவீதக் கம்பெனிகளிலிருந்து வந்தது. இண்டெக்ஸ் ஃபண்டு அந்த 4 சதவீதத்தையும் தவறாமல் உள்ளே வைத்திருக்கிறது, வருடச் செலவு 0.03 சதவீதம். காமிக்ஸில் அப்படி ஒரு ஃபண்டு கிடையாது. 10,000 டாலருக்கு ஐந்தாறு புத்தகம் வாங்கலாம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் அடிப்படையானது. புத்தகம் வைத்திருப்பவருக்குப் படத்தின் வசூலில் ஒரு சென்ட் வராது. பங்கு வைத்திருப்பவருக்கு லாபத்தில் உரிமை உண்டு. புத்தகத்துக்கு அடுத்தவர் கொடுக்கும் விலை ஒன்றுதான் வருமானம்.

#5 | மைலார்_உறை

இதுவரை எல்லோரும் புத்தகத்தை ஒரு எண்ணாகவே பேசுகிறீர்கள். பங்கு கணக்கில் உள்ள எண். காமிக்ஸ் தாள். பணம் போவது பெரும்பாலும் அந்தத் தாளில்தான், அதையும் கொஞ்சம் பேசுவோம்.

‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181, 1974 நவம்பர். வோல்வரின் முழுமையாக வரும் முதல் இதழ் (180-இன் கடைசிக் கட்டத்தில் தலைகாட்டுவார்). முன்னட்டை பளபளவென்று இருக்கும், முதுகு நேராக இருக்கும், 7.0 போலத் தெரியும். வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப் என்று ஒரு சதுரப் படம் இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுவதற்காகவே அச்சிட்டது. அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் புத்தகம் முழுமையற்றது. கிரேடிங்குக்குப் போனால் பச்சை லேபிள் வரும் அல்லது தரம் அடிமட்டத்துக்கு இறங்கும், விலையும் கூடவே இறங்கும். வேறு பிரதியிலிருந்து வெட்டி ஒட்டியும் விற்கிறார்கள். பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒட்டின விளிம்பு தெரியும். நாலு படம் போட்டு “முழுமையானது” என்று எழுதியிருந்தால் போதாது, கடிதப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சிஜிசி லேபிளின் நிறம் தரத்தின் எண்ணைவிட முக்கியம். நீலம் சாதாரணம். மஞ்சள், சாட்சி முன்னால் போட்ட கையெழுத்து. பச்சை, குறிப்பிட்ட ஒரு குறை. ஊதா, மறுசீரமைப்பு: நிறம் பூசியது, விளிம்பு வெட்டியது, கிழிசல் ஒட்டியது. ஊதா 9.0 நீல 9.0-இன் விலையில் பாதிகூட எடுப்பது கடினம். ரா பிரதியில் இதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். விளிம்பு வெட்டியிருக்கிறதா என்று பார்க்க அதே வரிசையின் முந்தைய பிந்தைய இதழ்களோடு சேர்த்து வைத்து அகலம் ஒப்பிடுங்கள். அறுபது வருடப் புத்தகத்தின் ஓரம் புதுக் கத்தியால் அறுத்தது போல் நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள். நிறம் பூசியிருந்தால் அட்டையின் உட்புறத்தில் மை ஊறியிருக்கும். ஸ்டேபிள் துளையும் ஸ்டேபிளும் பொருந்தாவிட்டால் மாற்றியிருக்கிறார்கள்.

பிரஸ்ஸிங் பற்றித் தப்பான நம்பிக்கை நிறைய உண்டு. ஈரப்பதமும் சூடும் அழுத்தமும் கொடுத்தால் நிறம் உடையாத மடிப்பு, விரல் பதிந்த பள்ளம், அலை போன்ற வளைவு போகும். மை உடைந்து வெள்ளை தெரியும் மடிப்பு போகவே போகாது. முதுகில் குறுக்கே வரும் சின்னக் கோடுகளில் வெள்ளை தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுப் பிரஸ்ஸிங்குக்குக் காசு கொடுங்கள்.

வைத்திருக்கும் செலவு: பாலிப்ரொப்பிலீன் உறை சில வருடத்தில் மங்கிச் சுருங்கும், மாற்ற வேண்டும். பாலியெஸ்டர், அதாவது மைலார் வகை உறை, பல பத்தாண்டு தாங்கும். பின்னால் வைக்கும் அட்டை உள்ளேயிருந்தே கால்சியம் கார்பனேட் கலந்ததாக இருக்க வேண்டும். மேலே மட்டும் பூசியது சில வருடத்தில் தானே அமிலமாகிவிடும். பழைய காமிக்ஸ் நியூஸ்பிரிண்ட் தாள், அதிலுள்ள லிக்னின்தான் தாளைப் பழுப்பாக்குகிறது. 20 டிகிரி வெப்பம், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம், இருட்டு. ஈரம் மேலே போனால் ஸ்டேபிள் துருப்பிடிக்கும், துரு தாளுக்குள் இறங்கும், அதைப் பிரஸ்ஸிங் எடுக்காது.

ஸ்லாபில் போட்டால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. கீழே விழுந்தாலோ தபாலில் அடிபட்டாலோ உள்ளே புத்தகம் ஆடி ஸ்டேபிள் அருகே கிழியும். ஷேக்கன் காமிக் சிண்ட்ரோம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். லேபிளில் 9.8 என்றிருக்கும், உள்ளே இருப்பது 9.8 ஆக இருக்காது.

#6 | வட்டிக்கணக்கு

மைலார்_உறை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 2023 கடைசியில் சேகரிப்பாளர்கள் ஒரு மோசடியைக் கண்டுபிடித்தார்கள். உயர்தரப் பிரதி இருந்த பெட்டியில் தாழ்ந்த பிரதியை மாற்றி வைத்து, பெட்டி சேதம், வேறு பெட்டியில் போட்டுத் தாருங்கள் என்று சிஜிசிக்கு அனுப்பி, புதுப் பெட்டியில் பழைய தரத்தோடு திரும்பப் பெற்றிருக்கிறார்கள். சிஜிசி பிறகு சந்தேகத்துக்குரிய முன்னூற்றுக்கும் மேற்பட்ட சான்றிதழ் எண்களை வெளியிட்டது. எண்ணைத் தளத்தில் தட்டினால் மட்டும் போதாது, அங்கே படம் இருந்தால் கையிலிருக்கும் பிரதியின் முதுகுக் கோடுகளோடு ஒப்பிட வேண்டும். பங்குக்கு இந்த வேலையே இல்லை. ஒரு பங்கும் அதே கம்பெனியின் இன்னொரு பங்கும் அச்சு அசலாக ஒன்று.

#7 | தாள்வாசனை

பெரிய கீ இஷ்யூக்களை (முதல் தோற்றம் போன்ற முக்கிய இதழ்களை) விடுங்கள். புதுப் புத்தகம் ரா-வாக வாங்கி, 9.8 எடுத்து விற்பதுதான் வேகமான வழி என்று பலர் சொல்கிறார்களே?

#8 | வட்டிக்கணக்கு

எதிர்பார்ப்புக் கணக்குப் போடுவோம். ஒரு நவீன இதழ்: 9.8 போனால் 300 டாலர், 9.6 போனால் 120, 9.4 போனால் 80. ரா விலை 90. கிரேடிங், போக வரத் தபால் 55. ஆக 145. நன்றாகப் பார்த்துப் பொறுக்கினால் 40 சதவீதம் 9.8, 40 சதவீதம் 9.6, 20 சதவீதம் 9.4 வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 120 + 48 + 16 = 184. 13.25 சதவீதக் கட்டணம் போனால் 159.62. தபால் 15 போனால் 144.62. போட்டது 145. மாதக்கணக்கில் காத்திருந்து 38 சென்ட் நஷ்டம்.

ரா விலை 90 என்பதே சந்தை இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். லாபம் வேண்டுமானால் இரண்டே வழி: 90 பெறும் ரா-வை 50-க்கு வாங்க வேண்டும், அல்லது உங்கள் கண் மற்றவர் கண்ணைவிடக் கூர்மையாக இருந்து 60 சதவீதம் 9.8 வர வேண்டும். இரண்டும் உழைப்பு. அது வியாபாரம், முதலீடு என்று சொல்லக்கூடாது.

#9 | முதல்தோற்றம்

இதில் முழுக்க ஒத்துப்போகிறேன். நவீன 9.8-இல் இன்னொரு ஆபத்து: இன்று உலகில் 500 இருக்கிறது என்றால் அடுத்த வருடம் 900 இருக்கும். சிஜிசி 2000-இல்தான் தொடங்கியது. பெட்டிகளில் தூங்கும் பிரதிகள் இன்னும் வந்துகொண்டேயிருக்கின்றன. எந்தத் தரத்தில் எத்தனை பிரதி என்று சிஜிசி வெளியிடும் சென்சஸ் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. இன்னும் உயர்ந்த தரம் வேண்டி ஸ்லாபை உடைத்து, பிரஸ் செய்து, திரும்ப அனுப்புபவர்கள் பழைய லேபிளைத் திருப்பித் தராவிட்டால் ஒரே புத்தகம் இரண்டு முறை கணக்கில் நிற்கும்.

விலை பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன். கேட்கும் விலையைப் பார்க்கவே கூடாது. முடிந்த விற்பனையைப் பாருங்கள். ஜிபிஏ, கோகலெக்ட் போன்ற தளங்கள் ஸ்லாப் விற்பனையைத் தரம் வாரியாகப் பதிவு செய்கின்றன. அங்கேயும் சராசரியைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். 90 நாளில் எத்தனை விற்பனை? இரண்டே என்றால் அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை, அதில் ஒன்று அவசரத்துக்கு விற்றதாக இருக்கலாம். பக்கத் தரம் என்ன? ஒயிட் பக்கமும் கிரீம் பக்கமும் ஒரே 6.0 ஆக இருந்தாலும் விலை வேறு. வருடம் தாண்டிய பழைய விற்பனையையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். 2021-இல் உச்சம் போனது, அடுத்த இரண்டு வருடத்தில் எவ்வளவு இறங்கியது என்று அப்போதுதான் தெரியும்.

படம் அறிவித்ததும் வாங்குபவர்கள் பெரும்பாலும் தோற்பவர்கள். ‘எட்டர்னல்ஸ்’ 1976 முதல் இதழ் அதற்குப் பாடம். அறிவிப்பில் ஏறியது, படம் திரைக்கு வருவதற்குள் விற்றவர்கள் தப்பித்தார்கள், பிறகு விற்க நினைத்தவர்கள் வாங்க ஆளில்லாமல் நின்றார்கள். கதாபாத்திரம் நாற்பது வருடம் தொடர்ந்து படிக்கப்பட்டதா என்று பாருங்கள், திரையில் வரப்போகிறதா என்பது ரெண்டாம்பட்சம்.

#10 | குறியீட்டு_நிதி

“வாங்க ஆளில்லாமல்” என்றீர்களே, அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். அமெரிக்கச் சந்தையில் 2024 மே 28 முதல் பங்கு விற்ற மறுநாளே பணம். பெரிய இண்டெக்ஸ் ஃபண்டில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் வித்தியாசம் ஒரு சென்ட். காமிக்ஸை நல்ல ஏலத்துக்குக் கொடுத்தால் முன்கூட்டி ஒப்படைக்க வேண்டும், அட்டவணையில் இடம் கிடைக்க வேண்டும், ஏலம் முடிந்து பணம் வரச் சுமார் 45 நாள். எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மாதம். அவசரம் என்றால் வியாபாரியிடம் கொடுக்கலாம், அவர் தன் லாபத்தை விட்டுத்தான் விலை சொல்வார். வேலை போகும் காலமும் ஏல விலை சரியும் காலமும் பெரும்பாலும் ஒரே காலம்தான். அதைக் கணக்கில் வையுங்கள்.

வரி பற்றியும். வட்டிக்கணக்கு 28 சதவீதம் எடுத்தது உச்சபட்சம். வருமான வரம்பு குறைந்தவருக்கு அவர் வரம்பின் விகிதமே. நீண்டகாலப் பங்கு லாபத்துக்கு 0, 15, 20 என்று மூன்று படி. நஷ்டத்தில்தான் பெரிய வித்தியாசம். பங்கில் நஷ்டம் வந்தால் மற்ற லாபத்தில் கழித்து, மிஞ்சியதில் வருடத்துக்கு 3,000 டாலர் வரை மற்ற வருமானத்தில் கழித்து, அதற்கும் மேலே உள்ளதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆசைக்காக வைத்திருந்த புத்தகத்தை நஷ்டத்துக்கு விற்றால் ஒன்றும் கழிக்க முடியாது, லாபத்துக்கு மட்டும் வரி கட்ட வேண்டும். முதலீடாகத்தான் வாங்கினேன் என்று காட்ட ரசீது, கிரேடிங் பில், காப்பீட்டுத் தாள், விலைக் குறிப்பு எல்லாம் முதல் நாளிலிருந்து ஒரே கோப்பில் இருக்க வேண்டும். கிரேடிங் செலவையும் விற்பனை வரியையும் அசலில் சேர்க்க மறந்து கூடுதல் வரி கட்டுகிறவர்கள் ஏராளம்.

#11 | மைலார்_உறை

காப்பீடு விட்டுப்போயிற்று. வீட்டுப் பாலிசியில் சேகரிப்புப் பொருளுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், அதுவும் பெரும்பாலும் சில ஆயிரம்தான். தனிச் சேகரிப்புப் பாலிசி வழக்கமாக மதிப்பில் வருடத்துக்கு 1 சதவீதத்துக்குக் கீழேயே முடியும். வெள்ளம் அடங்குமா, தபாலில் போகும்போது அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வட்டிக்கணக்கு போட்ட 2.9 சதவீதத்தில் இதையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

#12 | முதல்தோற்றம்

புத்தகத்தைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கும் தளங்களைப் பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ரேலி போன்றவை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் ரெகுலேஷன் ஏ விதியின் கீழ் ஒரு புத்தகத்தைத் துண்டு போட்டு விற்கின்றன. வாங்கும் முன் மொத்த மதிப்பை அதே தரத்தின் கடைசி ஏல விலையோடு ஒப்பிடுங்கள். பங்கின் வசதியும் இல்லாமல், புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் சந்தோஷமும் இல்லாமல் போய்விடக்கூடாது.

#13 | தாள்வாசனை

எல்லோருக்கும் நன்றி. 9,000 ஃபண்டுக்கு, 1,000 காமிக்ஸுக்கு என்று வைத்துக்கொண்டால், அந்த 1,000-ஐ எப்படிச் செலவழிப்பது? பத்துப் புத்தகமா, ஒன்றா?

#14 | மைலார்_உறை

ஒன்று. பத்துப் புத்தகத்தை விற்பது பத்து முறை தபால், பத்து முறை தகராறு. 100 டாலர் புத்தகத்தில் கிரேடிங்கும் தபாலுமே விலையில் பாதியைத் தின்றுவிடும்.

அறுபதுகளின் முக்கியக் கதாபாத்திரம் ஒன்றின் முதல் தோற்றம், 3.0-லிருந்து 5.0 வரையிலான நடுத்தரம், நீல லேபிள், பக்கம் ஆஃப்-ஒயிட் அல்லது மேலே. உயர்தரத்தில் ஒரு படி மேலே கீழே போனால் ஆயிரக்கணக்கில் ஆடும், நடுத்தரத்தில் அந்த ஆட்டம் குறைவு, வாங்குபவர் கூட்டம் அதிகம். ஏற்கெனவே ஸ்லாபில் இருப்பதையே வாங்குங்கள், கிரேடிங் செலவு விற்றவர் தலையில் போயிருக்கும். ஒரே 4.0-இல் பத்துப் பிரதி இருந்தால் முன்னட்டை மையமாக மடிந்த, நிறம் மங்காத, கதாபாத்திரத்தின் முகத்தில் கறையோ கிழிசலோ இல்லாத பிரதிக்காகக் காத்திருங்கள். விற்கும் நாளில் படம் பார்த்து வாங்குபவர் கண் போகும் இடம் அதுதான்.

பணம் கட்டும் முன் சான்றிதழ் எண், பின்னட்டைப் படம், பெட்டியின் நான்கு மூலைப் படம். பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். எடுத்ததும் ஸ்லாபைச் சாய்த்து டார்ச் அடித்து இரண்டு ஸ்டேபிள்களையும் சுற்றிப் புதுக் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே படத்தோடு விற்றவருக்கு எழுதுங்கள். சந்தேகத்தில் பெட்டியை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உடைத்த பிறகு எந்தக் கோரிக்கையும் நிற்காது.